மிளகாய் அடுப்புகள் அணைந்த சனிக்கிழமை

அத்தியாயம் 14

ரொசிட்சா கையெழுத்துப் போடுவாளா மாட்டாளா என்று ஒரு வாரமாக என்னைக் குடைந்தெடுத்துவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அன்றைக்கு மத்தியானம் வரை அவளுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டைரக்டர் பெந்தோவ்ஸ்கி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, காபி வரவழைத்துக் கொடுத்தார் அல்லவா? அங்கேதான் விட்டிருந்தோம். காபி தீரும் வரை அவர் வானிலையைப் பற்றிப் பேசினார். தீர்ந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"ஊர்க் காத்துல இருக்கிற தூசு மிளகாய் சுடுற புகை. குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அறிக்கையில அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

ரொசிட்சா எங்கள் லிப்கோவெட்ஸ் ஊர் உருக்காலையின் சுற்றுச்சூழல் அதிகாரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிநாட்டு முதலாளிகளுக்கு அவள்தான் அறிக்கை அனுப்புகிறாள். அதுவும் கணினி வழியாக. அவளுடைய மின்கையெழுத்து விழாமல் டைரக்டரே நினைத்தாலும் அது நகராது. அந்த அறிக்கையில் 'தூசுக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். அதில் 'வீட்டு அடுப்புகள்' என்று எழுதினால் ஆலை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. 'புகைபோக்கி' என்று எழுதினால் இரண்டாவது உலையின் புகைபோக்கிக்கு உடனே வடிகட்டி போட்டாக வேண்டும், போடும் வரை உலையை மூட வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தூசை அளக்கும் பெட்டிகளை ஊருக்குக் கொடுத்ததே ஆலைதான். வசந்த காலத்தில் பேண்டு வாத்தியம் முழங்க, பெந்தோவ்ஸ்கி ரிப்பன் வெட்ட, நாற்பது வீட்டுச் சுவரில் நாற்பது வெள்ளைப் பெட்டிகள். காற்று நன்றாக இருந்தால் கைபேசியில் வரும் ஊர் வரைபடத்தில் அந்த வீடு பச்சைப் புள்ளி. கெட ஆரம்பித்தால் மஞ்சள், கெட்டால் சிவப்பு. பொறுப்புள்ள நிறுவனம் என்று தலைநகரில் கூப்பிட்டு ஒரு கண்ணாடிக் கேடயம்கூடக் கொடுத்தார்கள். கோடை முழுக்க நாற்பதும் பச்சை.

ஏன் பச்சை? இரண்டாவது உலை நான்கு மாதமாகப் பழுது பார்க்க மூடிக் கிடந்தது. ஆகஸ்ட் கடைசி வாரம் அதை மறுபடி மூட்டினார்கள். அதே வாரம்தான் சந்தைக்கு மிளகாயும் வந்து இறங்கியது. உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கிடக்கும், காரமே இல்லாத, பழம் போல இனிக்கிற மிளகாய். வீட்டுக்கு வீடு முற்றத்தில் தகர அடுப்பை இழுத்துப் போட்டு விறகை மூட்டினோம். குளிர்காலம் முழுக்க ரொட்டியில் தடவ ஐவார் என்கிற சுட்ட மிளகாய் விழுது வேண்டாமா?

அந்த வாரமே நாற்பது புள்ளியும் சிவந்தது. உலையா, மிளகாயா? யார் சொல்வது?

பெந்தோவ்ஸ்கி தொலைக்காட்சியில் சொன்னார். "எங்கள் ஆலை சுத்தமானது. மக்கள் தங்கள் ஐவாரால் தங்களையே விஷமூட்டிக்கொள்கிறார்கள்" என்றார் அந்தப் புண்ணியவான்.

சனிக்கிழமை மத்தியானம். ரொசிட்சாவின் அம்மா ஷிவ்கா வீட்டு முற்றம். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு மரவேலிதான். நானும் என் முற்றத்தில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே இதில் பாதி நான் கண்ணால் கண்டது. மீதியைப் பின்னால் ரொசிட்சாவே சொன்னாள்.

ஷிவ்கா அடுப்பின் முன் நின்று மிளகாயை விரலாலேயே புரட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சூடு தெரியாது. அவள் கணவர் ஸ்பாசே, அதே ஆலையில் முப்பத்தொரு வருஷம் இரண்டாவது உலையில் நின்று ஓய்வு பெற்றவர், மேஜையில் காபியோடு உட்கார்ந்திருந்தார். ரொசிட்சாவின் கணவன் மெத்தோடி, சுட்ட மிளகாயைத் தோலுரித்துக்கொண்டிருந்தான். அவனும் ஆலையில்தான், சரக்கு அனுப்பும் பிரிவில்.

"அப்பா, நீங்களாவது சொல்லுங்க. புகை எது, மிளகாயா உலையா?" என்று கேட்டாள் ரொசிட்சா.

"என்னைக் கேக்காதே. அந்த உலை போட்ட சோறுதான் நீ தின்னு வளந்தது."

"சோத்தைப் பத்தி யாரு பேசினா? எனக்குத் தெரியணும். தெரியாம எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"போட்டுடேன் ரோசி" என்றான் மெத்தோடி, தலை நிமிராமல். "ஒரு வடிகட்டிக்காக வேலையைத் தொலைச்சுட்டு நிக்கப் போறியா? நம்ம ரெண்டு பேருமே அங்கதான் இருக்கோம்."

"நான் எதுக்காகப் போடக் கூடாது, எதுக்காகப் போடணும்னே எனக்குத் தெரியலையே! ரெண்டுல ஒண்ணை நிறுத்திப் பாத்தாத்தான் தெரியும். உலையை நிறுத்த என்னால முடியாது."

ஷிவ்கா கையிலிருந்த மிளகாயைக் கீழே வைத்தாள்.

"அப்ப மிளகாயை நிறுத்து."

மூவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன பாக்குறீங்க? மூணு மணியில இருந்து நாலு மணி வரைக்கும். ஊர் முழுக்க ஒரு அடுப்பு எரியக் கூடாது. அப்புறமும் உன் பெட்டி சிவப்பாவே இருந்தா, அந்த ஆள் பொய் சொல்றான்."

"அம்மா! செப்டம்பர் சனிக்கிழமை! யாரும்மா அணைப்பாங்க?"

"நான் சொன்னா அணைப்பாங்க. என் ஐவாரை விஷம்னு சொன்னான் இல்ல?"

மிளகாய் சுடும்போது அடுப்பை நடுவில் அணைப்பது என்றால் என்னவென்று எங்களைக் கேட்க வேண்டும். பாதி வெந்த மிளகாய் ஆறிவிட்டால் தோல் சதையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கத்தி போட்டுச் சுரண்ட வேண்டியதுதான். பாதி மிளகாய் குப்பைக்குப் போகும்.

"ஆனா ரெண்டரை மணி வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது. முன்னாடியே சொன்னா ஊர்ல ஆயிரம் வியாக்கியானம் வரும்" என்றாள் ஷிவ்கா.

"வினிகர் தீந்து போச்சு அத்தை. கடைக்குப் போய் வாங்கிட்டு வரேன்" என்று மெத்தோடி எழுந்து கையைக் கழுவினான். அப்போது மணி பன்னிரண்டரை இருக்கும்.

எங்கள் ஊரில் மிளகாயை மொத்தமாக வாங்கக் கைபேசியில், வைபர் செயலியில், ஒரு குழு வைத்திருக்கிறோம். அறுநூறு பேருக்கு மேல் இருக்கிறோம். லாரி எப்போது வருகிறது, எந்த மூட்டையில் அழுகல், யார் அடுப்பு இரவல் தருவார்கள், எல்லாம் அதில்தான். சரியாக இரண்டரை மணிக்கு ஷிவ்காவின் குரல் வந்தது.

"நான் ஷிவ்கா பேசறேன். மூணு மணிக்கு எல்லாரும் அடுப்பை அணைச்சுடுங்க. தண்ணி ஊத்தி அணைங்க, சும்மா மூடி வைக்காதீங்க. நாலு மணிக்கு மூட்டிக்கலாம். நம்ம ஐவார் விஷமா இல்லையான்னு ஒரு மணி நேரத்துல தெரிஞ்சிடும். அணைக்காதவங்க அடுத்த வருஷம் என் அடுப்பைக் கேட்டு வாசல்ல வந்து நிக்காதீங்க. அவ்வளவுதான்."

குழுவில் ஒரே அமளி. 'அக்காவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது' என்று ஒருவர். 'என் மாமியாரிடம் நீங்களே சொல்லுங்கள்' என்று ஒருத்தி. நஜ்மியே என்கிற எதிர்வீட்டுக்காரி தெருப்பக்க வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஷிவ்கா அக்கா, அறுபது கிலோ அடுப்புல கிடக்கு. எனக்கு ஒரு வார்த்தை காலையிலயே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ காலையிலயே சண்டைக்கு வந்திருப்பே. இப்ப நேரம் கம்மி."

நஜ்மியே திட்டிக்கொண்டேதான் வாளியை எடுத்தாள். ஆனால் எடுத்தாள்.

மூன்று மணிக்கு எங்கள் தெருவில் 'உஸ்' என்று ஒரு சத்தம். அடுத்த தெருவில் இன்னொன்று. ஆற்றங்கரைப் பக்கம், பள்ளிவாசல் பக்கம், ரயில் நிலையத்துப் பக்கம் என்று நூற்றுக்கணக்கான அடுப்புகளில் தண்ணீர் விழுந்த சத்தம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. வெள்ளை ஆவி எழும்பிக் கலைந்தது. இருபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். செப்டம்பர் சனிக்கிழமையில் இவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கையில் மயிர்க்கூச்செறிந்தது. ஒரு கைபேசிக் குரலுக்கு ஒரு ஊரே அடுப்பை அணைத்துவிட்டு நிற்கிறது!

ரொசிட்சா மடிக்கணினியை மேஜையில் திறந்து வைத்திருந்தாள். நாற்பது சிவப்புப் புள்ளிகள். தூசின் அளவு சராசரி நூற்று அறுபத்து நான்கு.

மூன்று ஐந்து. நூற்று முப்பது.

மூன்று பதினைந்து. எழுபத்தெட்டு.

"குறையுது" என்றாள் ரொசிட்சா. அவள் குரலே இறங்கிப் போயிருந்தது.

மூன்று இருபத்தைந்துக்கு முதல் பச்சை வந்தது. அப்புறம் நிற்கவில்லை. ஊரின் நாலா மூலையிலும் புள்ளிகள் பச்சையாகிக்கொண்டே போயின. மூன்றரைக்கு நாற்பதும் பச்சை. எண் பதினொன்று.

அதே சமயம் எதிரே மலை வந்து நின்றது. வந்து நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். அதுவரை பால் கலந்த தண்ணீர் மாதிரி இருந்த இடத்தில் பாறையும் பள்ளமும் மரமும் தனித்தனியாகத் தெரிந்தன.

"யா அல்லா! அங்க மேல ஒரு வெள்ளை மாதா கோயில் இருக்கா?" என்று கத்தினாள் நஜ்மியே. "இத்தனை வருஷமா எனக்குத் தெரியவே தெரியாதே!"

எல்லாரும் முற்றத்தில் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். நெஞ்சு நிறைய இழுத்தால் மூச்சு தடையில்லாமல் உள்ளே போனது. இப்படியும் ஒரு காற்று இருக்கிறதா என்று ஆச்சரியம் ஒரு பக்கம். ஐயோ, அப்படியானால் கெடுத்தது நாம்தானா என்ற அவமானம் மறு பக்கம். கடைசியில் குழுவில் யாரோ ஒரே ஒரு வரி எழுதினார்: 'அப்போ மிளகாய்தான்.'

ஷிவ்கா ஈர அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மாதிரி முகத்தோடு அவளை நான் அதுவரை பார்த்ததில்லை.

ரொசிட்சாவின் கைபேசி அடித்தது. பெந்தோவ்ஸ்கி.

"படத்தைப் பாத்தீங்களா? ரொம்ப நல்ல சோதனை. உங்க அம்மாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க. இப்ப சந்தேகம் தீர்ந்துதா?"

"தீர்ந்துது சார்."

"அப்ப அஞ்சு மணி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? முடிச்சுடுங்க."

அவள் அறிக்கையைத் திறந்தாள். கட்டத்தில் 'வீட்டு அடுப்புகள்' என்று அடித்தாள். கையெழுத்துக்கான ரகசிய எண் ஆறு இலக்கம். நான்கு அடித்துவிட்டாள்.

"நிறுத்து" என்றார் ஸ்பாசே.

அவர் படத்தையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. குனிந்து தன் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வா. இதைப் பாரு."

"என்னப்பா? காபி."

"காபிதான். அசையுதா?"

அசையவில்லை. கருப்பாக, கண்ணாடி மாதிரி கிடந்தது.

இரண்டாவது உலை ஓடினால் எங்கள் தெருவுக்கே ஒரு நடுக்கம் உண்டு. காதுக்குக் கேட்காது, காலுக்கும் தெரியாது. ஆனால் முற்றத்து மேஜையில் காபியை வைத்தால் நடுவில் சின்னச் சின்ன வளையம் வந்துகொண்டே இருக்கும். நாங்கள் அதைக் காபியின் குணம் என்றே நினைத்துவிட்டோம். உலையை மூடியிருந்த நான்கு மாதமும் அது அசையாமல் கிடந்தது. ஸ்பாசேதான் அதைப் பார்த்துப் பார்த்து, உற்றவர் யாரோ ஊரை விட்டுப் போனது போல் பெருமூச்சு விடுவார்.

"காலையில வளையம் இருந்துது. இப்ப இல்ல" என்றார். "உலையை நிறுத்திட்டாங்க."

"அப்பா, நல்லாத் தெரியுமா?"

"முப்பத்தொரு வருஷம் அது பக்கத்துல நின்னிருக்கேன்டீ. எனக்கா தெரியாது?"

அந்தப் புகைபோக்கி மலைத்தோளுக்குப் பின்னால் இருப்பதால் ஊரிலிருந்து கண்ணுக்கே தெரியாது. யார் போய்ப் பார்ப்பது? ரொசிட்சாவுக்கு மளமளவென்று எல்லாம் விளங்கியது. அடுப்பும் அணைய, உலையும் அணைய, காற்று சுத்தமாகும். பழி மிளகாய் தலையில் விழும். நான்கு மணிக்கு ஊர் அடுப்பை மூட்டும்போது அவர்களும் உலையை மூட்டிக்கொள்வார்கள். பிறகு யார் பிரித்துச் சொல்ல முடியும்? என்ன சாமர்த்தியம் பாருங்கள்!

அவள் அடித்த நான்கு இலக்கத்தையும் அழித்தாள்.

"அப்பா, உலையை எவ்வளவு நேரம் இப்படிப் போட்டு வைக்க முடியும்?"

"ஒன்றரை மணி நேரம். மிஞ்சினா அதுக்கு மேல பத்து நிமிஷம். அப்புறம் உள்ள இருக்கிறது இறுகிப் பாறையாகிடும். உடைச்சு எடுக்க ஆறு மாசம் ஆகும்."

"மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி நிறுத்தியிருந்தா?"

"நாலரைக்குள்ள மூட்டியே ஆகணும். ஊர் அடுப்பு எரிஞ்சாலும் சரி, எரியாட்டியும் சரி."

ரொசிட்சா அம்மாவைப் பார்த்தாள். ஷிவ்கா ஏற்கெனவே கைபேசியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"அம்மா, காரணத்தைச் சொல்லாதே. குழுவுல ஆலைக்காரங்க பாதிப் பேர் இருக்காங்க. தெரிஞ்சா அவங்க வீட்டு அடுப்புகளை மூட்டச் சொல்லி, உலைப் புகையை அதுல மறைச்சுடுவாங்க."

"காரணம் சொல்லாம எப்படிடீ நிறுத்தி வைக்கிறது? கொலையே விழும்."

ஆனால் பேசினாள். மணி மூன்று ஐம்பத்தெட்டு. நானே தீக்குச்சியைக் கையில் எடுத்துவிட்டேன், பொய் சொல்வானேன்.

"ஷிவ்கா பேசறேன். யாரும் மூட்டாதீங்க. நாலு மணின்னு சொன்னேன், தெரியும். இன்னும் அரை மணி நேரம் பொறுங்க. எதுக்குன்னு கேக்காதீங்க, இப்ப சொல்ல முடியாது. எத்தனை வருஷமா என்னைத் தெரியும் உங்களுக்கு? அதுக்காகப் பொறுங்க."

இந்த முறை அமளி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரு பதில்கூட இல்லை.

நான்கு மணி. நான்கு ஐந்து. வேலிக்கு அந்தப் பக்கம் நஜ்மியே தன் அறுபது கிலோவைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். மிளகாய் சுருங்க ஆரம்பித்திருந்தது. அவள் கணவர் உள்ளேயிருந்து ஏதோ கத்தினார். அவள் திரும்பிக் கத்தினாள்.

"அக்கா பொறுன்னு சொல்லுது! பொறுக்க முடியலைன்னா கடையில வாங்கித் தின்னு!"

நான் என் தீப்பெட்டியை மறுபடி பையில் போட்டுக்கொண்டேன்.

நான்கு பத்து. ஒரு கூரைக்கு மேலும் புகை இல்லை. நான் மாடியில் ஏறி நின்று நாலாபக்கமும் பார்த்தேன். ஆற்றங்கரை வரை, அதைத் தாண்டியும், ஒரு கீற்றுகூட இல்லை. சுட்டது பாதி, சுடாதது பாதி என்று மிளகாயைப் பரப்பிப் போட்டுவிட்டு அத்தனை வீட்டுக்காரர்களும், எதற்கென்றே தெரியாமல், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு பக்கம் ஆறிக்கொண்டிருக்கும் மிளகாய். மறு பக்கம் இறுகிக்கொண்டிருக்கும் உலை. யார் முதலில் தீ மூட்டுவார்கள்?

இந்த ஜனங்களையா இத்தனை நாள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன் என்று இருந்தது.

மேஜையைச் சுற்றி மூன்று பேர் ஒரு காபிக் கோப்பைக்கு மேல் குனிந்திருந்தார்கள். பக்கத்தில் நாற்பது பச்சைப் புள்ளியோடு மடிக்கணினி. அதை யாரும் பார்க்கவில்லை.

நான்கு பதினேழு. ஒன்றுமில்லை.

நான்கு இருபத்தொன்று.

"வந்துடுச்சு" என்றார் ஸ்பாசே.

நடுவில் ஒரு சின்ன வளையம். அப்புறம் இன்னொன்று. ரொசிட்சா மூச்சைப் பிடித்துக்கொண்டு மடிக்கணினி பக்கம் திரும்பினாள்.

ஏழு நிமிஷம் போயிருக்கும். ஆலை வாசலுக்கு எதிரே முதல் பெட்டி மஞ்சளாயிற்று. பிறகு சிவப்பு. அதற்கடுத்த பெட்டி மஞ்சள், சிவப்பு. பச்சையானபோது ஊர் முழுக்க இங்கொன்றும் அங்கொன்றுமாக மாறியது. சிவப்பானபோது அப்படி இல்லை. ஆலையிலிருந்து கிளம்பி, காற்று போகிற வழியே, ஒரு வீடு விடாமல் வரிசையாக வந்தது. ஆள் நடந்து வருவது போல் வந்தது. காற்று என்பது கண்ணுக்குத் தெரியாத பொருள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அன்றைக்கு அது எங்கள் தெருவுக்குள் நுழைவதை என் கைபேசியில் பார்த்தேன்.

எங்கள் தெரு மஞ்சள். எங்கள் தெரு சிவப்பு. நஜ்மியே தன் ஈர அடுப்பையும் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என் அடுப்பு எரியலையே?" என்றாள். பிறகு சத்தமாக, தெருவே கேட்கும்படி, "என் அடுப்பு எரியலை! உன் அடுப்பு எரியுதா? யாரு அடுப்பாவது எரியுதா?"

யாருடையதும் எரியவில்லை. அது அத்தனை பேருக்கும் தெரிந்தது. மலை மெல்ல மெல்ல மங்கியது. முதலில் அந்த வெள்ளைக் கோயில் போயிற்று.

நான்கு நாற்பதுக்கு எண் நூற்றுப் பதினெட்டு.

ரொசிட்சா கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு எழுதினாள். ஷிவ்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"'இரண்டாவது புகைபோக்கி, பெரும்பங்கு.' அப்படிப் போடு! அது என்னது கீழே? 'மிளகாய் அடுப்புகள், சிறுபங்கு'? ஏன்டீ, நம்மளையே காட்டிக் கொடுக்குறியா?"

"அடுப்பு எரிஞ்சப்ப நூத்தி அறுபத்து நாலு. எரியாதப்ப நூத்திப் பதினெட்டு. நடுவுல இருக்கிறது யாரும்மா?"

ஷிவ்கா தன் ஈர அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதை எழுதாம விட்டா நானும் அந்த ஆளும் ஒண்ணு" என்றாள் ரொசிட்சா.

ஆறு இலக்கத்தையும் அடித்தாள். அறிக்கை போய்விட்டது. மணி நான்கு ஐம்பத்திரண்டு. அடுத்த நிமிஷமே கைபேசி அடிக்கத் தொடங்கியது. பெந்தோவ்ஸ்கி. ஷிவ்கா அதை எடுத்துத் தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது அங்கேயே கிடந்து அடித்து அடித்து ஓய்ந்தது. திங்கட்கிழமை மகளுக்கு வேலை இருக்குமோ இருக்காதோ, அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

ஷிவ்கா மகளின் தலையை ஒரு முறை தடவினாள். மிளகாய்க் கரி அவள் நெற்றியில் அப்பிக்கொண்டது. "நம்ம பங்கை அடுத்த வருஷம் பாத்துக்கலாம். கேஸ் அடுப்புல சுட்டா என்ன, குடியா முழுகிடும்?" என்று முணுமுணுத்தாள். ஷிவ்கா சொன்ன வார்த்தையா இது! எனக்கு மலை தெரிந்தது பெரிதா, இது பெரிதா என்று இன்னும் புரியவில்லை.

ஸ்பாசே மட்டும் சந்தோஷமாக இல்லை. ஆறிப்போன காபியைக் குடிக்கவும் இல்லை.

"ரோசி, ஒரு விஷயம் உறுத்துது."

"என்னப்பா?"

"உலை சுவிட்சைத் தட்டினா அணையற விளக்கு இல்ல. படிப்படியா இறக்கணும். மூணு மணிக்கு நிக்கணும்னா ஒரு மணிக்கே வேலையை ஆரம்பிச்சிருக்கணும்."

"சரி."

"உங்க அம்மா குழுவுல சொன்னது ரெண்டரைக்கு."

ரொசிட்சா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"ஒரு மணிக்கு இந்த விஷயம் யாருக்குத் தெரியும்? இந்த மேஜையில இருந்தவங்களுக்கு மட்டும்தான். நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கல. உங்க அம்மா அடுப்பை விட்டு நகரல. நீ இங்கயே இருந்தே."

அவர் மெத்தோடி உட்கார்ந்திருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். ரொசிட்சாவின் முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் வடிந்து போனது.

அப்போதுதான் வாசல் கேட் கிறீச்சிட்டது.

"என்ன, தெருவே இப்படி நிக்குது? அடுப்பெல்லாம் ஏன் அணைஞ்சு கிடக்கு?" என்று கேட்டுக்கொண்டே மெத்தோடி உள்ளே வந்தான். மிளகாய்க் குழுவில் அவனும் இருக்கிறான்.

ரொசிட்சா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடைக்கு நாலரை மணி நேரத்துக்கு முன்னால் போன கை.

"வினிகர் எங்கே மெத்தோடி?" என்றாள்.

அவன் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். இரண்டும் வெறுமையாக இருந்தன.